ஏணியைப் பிடிக்க ஓர் ஆள்

திருகோணமலை
புரட்டாதி, 2025

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாக இருக்கப் பத்திரகாளி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தைக் கண்டவுடன் பயந்துவிடாதே, இங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. போனில் என்றால் நீ "பிறகு எடுக்கிறேன் அம்மா" என்று வைத்துவிடுவாய். அதற்குள் சொல்லி முடிக்க எனக்கு ஒன்றும் வாயில் வருவதில்லை. மாமி வருகிற வெள்ளிக்கிழமை லண்டன் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். தபாலில் போட்டிருக்கலாம்தான். எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியவில்லை. மாமி ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கோபிக்காதே. விலாசம் மாறியிருக்கும் என்று மட்டும் சொன்னாள். நானும் மேலே கேட்கவில்லை. புது விலாசத்தை எழுதி அனுப்பு. மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அனுப்புவதற்குத்தான் கேட்கிறேன்.

அப்பாவின் இரண்டாவது திவசம் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய காசில் ஐயருக்குக் கொடுத்து, இருபது பேருக்குச் சாப்பாடும் போட்டேன். வந்தவர்கள் எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். வேலை அதிகம், லீவு இல்லை என்றேன். அப்பாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு நீ தனியே வந்தபோது மருமகனைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதையேதான் சொன்னேன். நீ சொல்லித் தந்ததைத்தான் சொன்னேன். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் மாறி மாறி அள்ளி வார்த்துக்கொண்டு நின்றாயே, அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். அப்பாவுக்காக மட்டும் அழுகிற முகமாக அது இல்லை. சரி, அதை விடு.

சொல்ல வந்தது மோட்டர் விஷயம். போன கிழமை கிணற்று மோட்டர் நின்றுபோனது. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. அப்பா இருந்தால் குசினியில் இருந்தபடியே சத்தத்தைக் கேட்டு, "கொண்டென்சர் போயிட்டுது" என்று சொல்லியிருப்பார். பின்பக்கத்து விசிறியை ஒரு தடியால் சுண்டிவிட்டால் ஓடத் தொடங்கும். அவர் அப்படிச் செய்து நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நானும் ஒரு ஈர்க்குத் தடியை எடுத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் அவர் எப்போதும் சொல்வது ஞாபகம் வந்தது: எதில் கை வைப்பதென்றாலும் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்து. நிறுத்தினேன். நிறுத்திய மோட்டரைச் சுண்டி என்ன பிரயோசனம்? கிணற்றடியில் தடியோடு கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, வாளியை எடுத்து அள்ளினேன். இந்த வருஷம் கச்சான் காற்றில் கிணறு நன்றாகக் கீழே போய்விட்டது, மழைக்கு இன்னும் ஒரு மாதமாவது இருக்கிறது. 71 வயதில் மூன்று நாள் கயிறு இழுத்தேன். இதை உனக்குக் குறையாகச் சொல்லவில்லை.

நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து மோட்டரைக் கழற்றினான். பின்மூடியைக் கையில் எடுத்தவன், "அன்ரி, உள்ளே ஏதோ எழுதியிருக்கு" என்றான். அப்பாவின் பழக்கம் உனக்குத் தெரியும். எதைத் திருத்தினாலும் உள்பக்கத்தில் தேதி போடுவார். மரம் என்றால் பென்சில், இரும்பென்றால் ஆணியால் கீறல். ஹோல் ஃபேனின் கிண்ணத்துக்குள்ளே "கொண்டென்சர் 2.5 – 3.3.2011" என்று இருக்கிறது. என் தையல் மெசின் லாச்சிக்கு அடியில் ஆறு தேதிகள் இருக்கின்றன. ஐயன் பொக்ஸ், மணிக்கூடு, குடை கூட. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், "அடுத்து திறக்கிறவனுக்குத் தெரிய வேணும்" என்பார். அடுத்து திறப்பவரும் அவர்தானே என்று நான் சிரிப்பேன். மோட்டர் மூடியில் இருந்ததை நான் வாசித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவையும் வாசித்தேன்.

"12.4.1998. பேரிங் இரண்டும் மாற்றியது. நானும் மகளும்."

அந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் இருந்தது. பலகாரம் சுட எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தால், பதினான்கு வயதுப் பிள்ளை கிணற்றுக் கட்டோடு குந்தியிருந்து, முழங்கை வரை கிறீஸ் பூசிக்கொண்டு பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவுகிறாய். நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன குறடும் சுத்தியலும், நாளைக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் உன் கையைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவக்கும் வரை தேய்த்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷமும், நான் சொன்னது சரியென்று தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூடியைக் கடைசியில்தானே பூட்டுவது. அப்படியென்றால் நான் உன்னை இழுத்துக்கொண்டு போன பிறகுதான் அவர் ஆணியை எடுத்திருக்கிறார்.

மாமி ஒன்று சொன்னாள். நீ இப்போது இருக்கிற வீட்டில் திரைச்சீலைக் கம்பியை நீயே பூட்டியிருக்கிறாயாம். சுவரில் துளை போட்டு, மட்டம் பார்த்து, "அண்ணன் பூட்டினது போலவே இருந்தது" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று இரவு நித்திரை வரவில்லை. அவ்வளவு உயரத்துக்கு எதில் ஏறினாய்? ஏணியா, கதிரையா? பிடிப்பதற்கு ஆள் இருந்ததா? ஆள் இல்லாமல் ஏணியில் ஏறாதே. அப்பா 2019இல் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஏறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். அதற்கு முதல் நாற்பது வருஷம் என்னைப் பிடிக்க வைக்காமல் அவர் ஏறினதே இல்லை. "இஞ்சேரும், பிடியும், கதையாதையும்" என்பார். நான் அடியில் நின்று கதைத்துக்கொண்டேதான் இருப்பேன்.

அவரைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளாக்கராக இருந்த மனுசன், ஆனால் ஒருவரும் அவரைக் கிளாக்கர் என்று ஞாபகம் வைத்திருக்கவில்லை. திவசத்துக்கு வந்த ஒருவர், தன் மகளின் கலியாணத்தன்று தண்ணீர் மோட்டர் எரிந்துபோய் விடியப்புறம் நாலு மணிக்கு அப்பா வந்து நின்றதைச் சொல்லி அழுதார். காசு வாங்கினாரா என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. எனக்குத் தெரியும், வாங்கியிருக்க மாட்டார். நம் வீட்டுப் படலைக் கொக்கி அந்த நேரம் ஒரு மாதமாக உடைந்து கிடந்தது, மான் உள்ளே வந்து என் செவ்வரத்தையை மொட்டையடித்துவிட்டுப் போனது. அதற்குச் சண்டை பிடித்தேன். சண்டை பிடித்த மறுநாள் அவர் செய்து பூட்டிய கொக்கி இன்றைக்கும் இருக்கிறது, மானுக்குத் திறக்கத் தெரியாது, எனக்கும் சில நாள் திறக்க வராது.

கைவேலை அவருக்கு அப்பப்பாவிடம் இருந்து வந்தது. துறைமுகத்தை வெள்ளைக்காரன் 1957இல் விட்டுப் போனபோது அப்பப்பாவுக்கு வேலை போனது, மிஞ்சியது அந்தப் பச்சைக் கருவிப் பெட்டிதான். அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. பெட்டியைத் துடைத்து எண்ணெய் போடுவது அவர் வேலையாம். கலியாணமான புதிதில் அந்தப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். தங்கம் இருக்கிறதாக்கும் என்று நான் திறந்து பார்த்தேன்.

நீ சிறுபிள்ளையாக இருந்தபோது உன்னை றலி சைக்கிளின் முன் பாரில் ஏற்றிப் போக ஒரு குட்டிப் பலகை இருக்கை செய்தாரே, அதற்குச் சுற்றிய துணி என் கூறைக்கு அடுத்த நல்ல சேலை. கேட்காமல் கிழித்துவிட்டார். "பிள்ளைக்கு நோகும்" என்றார், அவ்வளவுதான் விளக்கம். ஒவ்வொரு பூரணைப் போயா லீவுக்கும் என் தையல் மெசினைத் திறந்து எண்ணெய் விடுவார். எண்ணெய் விட்டு, ஒரு துண்டுத் துணியில் தானே நாலு தையல் தைத்துப் பார்த்து, "ஓடுது" என்று எழும்புவார். சம்பளம் வராத மாதங்களில் அந்த மெசின்தான் நமக்குச் சோறு போட்டது, சட்டைக்குச் சட்டை எண்ணித் தைத்தேன். அவர் ஒருநாளும் அதைக் குறைவாக நினைக்கவில்லை. தெருவில், "இவதான் இப்ப எங்கட கச்சேரி" என்று சொல்லிச் சிரிப்பார்.

1990இல் சண்டை மூண்டு நாம் அந்தப் பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தோமே, உனக்கு ஆறு வயது. நீ ஞாபகம் இருக்கிறது என்கிறாய், எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வகுப்பறைக்கு ஏழு குடும்பம். எல்லோரும் நகையும் உறுதிப் பத்திரமும் கட்டிக்கொண்டு வந்தபோது அப்பா குறட்டையும் திருப்புளியையும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். நான் அங்கேயும் ஏசினேன். இரண்டாம் நாள் பெற்றோல்மாக்ஸின் ஊசித்துளை அடைத்து முழு மண்டபமும் இருட்டாகப் போனது. ஒரு மெல்லிய கம்பியை நெருப்பில் காட்டித் தேய்த்து அதைக் குத்தி எடுத்தார். பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து, ரேடியோவில் போட்டு, இரவில் பிபிசி தமிழோசை கேட்கப் பத்து நிமிஷம் உயிர் வரப் பண்ணுவார். அந்தப் பத்து நிமிஷத்துக்கு முழுப் பள்ளிக்கூடமும் மூச்சு விடாமல் இருக்கும். அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிடுவார், நமக்கு வைத்தது போக.

கடல் வந்த 2004இல் நீ வளர்ந்துவிட்டாய், நீயே பார்த்தாய். கடற்கரைப் பக்கக் கிணறெல்லாம் உப்பு. ஆளாளுக்குப் பம்ப் வைத்து அடி தெரிய இறைத்தார்கள். அப்பா மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தார். மணலுக்குள் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாக மிதக்கிறது, மேலே இருப்பதை உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்புத்தான் ஏறி வரும், சேற்றை மட்டும் எடுத்துவிட்டு மழையை விடுங்கள் என்றார். கிளாக்கருக்கு என்ன தெரியும் என்று சிலர் கேட்கவில்லை. நம் கிணற்றை அவர் அப்படியே விட்டார். அடுத்த மாரிக்குப் பிறகு நீதான் முதலில் குடித்துப் பார்த்து "கொஞ்சம்தான் உப்பு அப்பா" என்றாய். அவருக்கு அன்று இருந்த சந்தோஷம், உன் சோதனை றிசல்ட்ஸ் வந்த அன்று கூட இல்லை.

எல்லாம் சரியாகவே செய்தார் என்று எழுதினால் நீ சிரிப்பாய். கிறைண்டரைத் திருத்திவிட்டு மூடியைப் போடாமல் சுவிட்சைப் போட்டவர் அவர்தான். அந்தச் சம்பல் கறை இன்னும் குசினிச் சீலிங்கில் இருக்கிறது. மணிக்கூட்டைத் திருத்திய நாளில் இருந்து அது பத்து நிமிஷம் முந்தித்தான் ஓடுகிறது. அதனால்தான் நீ சண்முகா பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் பிந்திப் போகவில்லை என்று அதற்கும் பெயர் வாங்கிக்கொண்டார். 2022இல் காஸ் இல்லாமல் போனபோது பெயின்ற் வாளிக்குள் நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி, போத்தலை உருவி எடுத்து அடுப்பு செய்தார். நன்றாகத்தான் எரிந்தது. இரண்டு மாதம் என் தலையெல்லாம் புகை மணம். உன் வீட்டில் காஸ் அடுப்பென்றால் படுக்கப் போகுமுன் மூடிவிட்டுப் படு. குழாய்ப் பூட்டில் சவர்க்கார நுரை பூசிப் பார், குமிழி வந்தால் கசிகிறது. ஏணி விஷயம் முன்பே சொல்லிவிட்டேன்.

இனி எழுதப் போவதை நான் மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஏ.எல். முடிந்து நீ டெக்னிக்கல் கொலிஜில் மின்சாரம் படிக்கப் போகிறேன் என்று விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாயே, அதைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினோம். அது தொலையவில்லை. என் அலுமாரியில் சேலைக்கு அடியில் இருந்தது. கடைசித் தேதி போன பிறகு அடுப்பில் போட்டேன்.

அது சின்னது. பெரியது வேறு. 2006 தை மாதம் கடற்கரையில் அந்த ஐந்து பிள்ளைகளையும் கொன்ற பிறகு எனக்கு நித்திரை இல்லாமல் போனது. வெளியே போன நீ வரும்வரை படலையில் நிற்பேன். யாருடைய பிள்ளை என்று கேட்டு ஒன்றும் நடப்பதில்லை என்று தெரிந்துபோனது. 2008இல் லண்டன் சம்பந்தம் வந்தபோது நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, லண்டனைத்தான் பார்த்தேன். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "பிள்ளையைக் கேட்டனீரோ?" நான் ஓம் என்றேன், பிள்ளைக்கு முழுச் சம்மதம் என்றேன். உன்னிடம் வந்து, அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார், இனி நீ மாட்டேன் என்றால் அவர் சபையில் தலை குனிய வேண்டிவரும் என்றேன். அவர் ஒருவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, மகள். அவர் பெயரைச் சொன்னால் நீ மறுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ சம்மதம் என்றால் அவர் மறுக்க மாட்டார் என்றும் தெரியும். உங்கள் இரண்டு பேருடைய பாசத்தையும் எடுத்து நான் இப்படிச் செய்தேன். பயத்தில் செய்தேன் என்று சொன்னால் அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. நாலு பேர் கேட்டால் மகள் லண்டனில் என்று சொல்லவும் எனக்கு ஆசை இருந்தது.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மேலே ஆடிக்கொண்டே சுற்றிய ஃபேனைப் பார்த்து, "புஷ் தேய்ஞ்சு போச்சு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரை என்று நினைத்தேன். "பிள்ளையைக் கேட்டனீரோ?" என்றார். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் ஓம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு எதையோ சொல்லத் தொடங்கினார். நர்ஸ் வந்ததும் அது நின்றுபோனது.

இதை அறிந்து நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே உன் வீட்டு விஷயத்தில் "அப்பா செய்துவைத்தது" என்று எதையாவது மனதில் தூக்கிக்கொண்டு நின்றாயானால், அதை இறக்கிவை, அது அவர் வைத்தது இல்லை. ஊர் என்ன கேட்கும் என்று யோசிக்காதே. ஊருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் பதில்கள் இருக்கின்றன. வரவேண்டும் போல இருந்தால் வா. ரிக்கெற் போட்டுவிட்டுச் சொன்னால் போதும். அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன், யன்னல் கொண்டி மட்டும் இறுகுவதில்லை. அதைப் பொடியன் திருத்தித் தருகிறேன் என்றான். நான்தான் இருக்கட்டும் என்றேன்.

மாமியின் பெட்டியில் அப்பாவின் சின்னக் குறடும் அந்தச் சிவப்புப் பிடித் திருப்புளியும் வைத்திருக்கிறேன். கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்களாம், அடியில் போகிற பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். குறட்டின் பிடியில் சுற்றியிருக்கிற ரப்பர் பழைய சைக்கிள் ரியூப், அதைக் கழற்றாதே, ஆனால் கரண்டுக்கு அதை நம்பாதே. மெயின் சுவிட்சை நிறுத்தாமல் எதையும் தொடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா

மோட்டர் இப்போது ஓடுகிறது. மூடியைப் பூட்டுமுன் அப்பா எழுதியதற்குக் கீழே தேதியைக் கீறச் சொன்னேன். பொடியன் கீறிவிட்டு, "வேற என்ன அன்ரி எழுத?" என்று கேட்டான். இடம் இருக்கட்டும், பூட்டு என்றேன். விலாசத்தை அனுப்ப மறக்காதே. கீழ் வீட்டிலோ பக்கத்திலோ ஏணி பிடிக்கக்கூடிய ஒருவரை அறிமுகம் செய்துவைத்துக்கொள்.